திரும்பி வந்த தண்ணீர்ப் போத்தல்

என் கையெழுத்தைப் பார்த்துச் சலித்துக்கொள்ளாமல் வாசியுங்கள். ஐந்தாம் வகுப்பு முடியுமுன் குடும்பத்தோடு இடம்பெயர்ந்தோம். அதற்குப் பிறகு நான் பேனா பிடித்தது குறைவு, வலை பிடித்ததுதான் அதிகம். எழுத்துப் பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மட்டக்களப்பு வாவியில் இறால் பிடிப்பது என் தொழில். வீடு வாவிக்கரையில், பள்ளிக்கூடத்தின் பின் மதிலை ஒட்டிய ஒழுங்கையில் இருக்கிறது. மனைவி குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளும் நானும்தான் இங்கே. இரண்டு பேரும் அதிகம் பேசுகிறவர்கள் இல்லை. காலையில் தண்ணீர்ப் போத்தலை நிரப்பிக் கொடுத்து அனுப்புவேன். பின்னேரம் வந்ததும் பையைப் போட்டுவிட்டு முதலில் மலசலகூடத்துக்கு ஓடுவாள். போத்தல் பல நாள் நிரம்பியபடியே திரும்பி வரும். வேறெங்காவது குடித்திருப்பாள் என்று நினைத்து, மிச்சத்தை வாழைக்கு ஊற்றிவிடுவேன்.

ஆவணியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. முதுகின் கீழ்ப்பக்கம் நோகிறது என்றாள். டெங்குவாக இருக்குமோ என்று பயந்து ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரத்தமும் சலமும் சோதித்தார்கள். டெங்கு இல்லை. சலத்தில் கிருமி, அது சிறுநீரகம் வரைக்கும் ஏறியிருக்கிறது என்றார் அங்கிருந்த பெண் டொக்டர். இப்படியே திரும்பத் திரும்ப வந்தால் சிறுநீரகம் பழுதாகிவிடும் என்றும் சொன்னார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. சுவரில் ஒட்டியிருந்த, டெங்கு பரப்பும் நுளம்பின் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தண்ணி குடிக்கிறல்லையா மகள்?" என்று டொக்டர் கேட்டார்.

"பள்ளிக்கூடத்துல நாங்க ஆரும் குடிக்கமாட்டம். குடிச்சா போகணும்தானே."

"போறதுக்கென்ன?"

"பூட்டியிருக்கு."

அந்தப் பூட்டு எனக்குத் தெரிந்த பூட்டு. சுகாதாரத்தில் சிறந்த பாடசாலை என்று சான்றிதழ் கிடைக்கப்போகிறது, அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள் என்று சொல்லி, பெற்றோரைச் சிரமதானத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் போனேன். பெண்பிள்ளைகளின் மலசலகூடத்தைத் தகப்பன்மார் நாங்கள்தான் உரஞ்சிக் கழுவினோம். வெளிச்சுவரில் சவர்க்காரம் போட்டுக் கை கழுவும் படம் வரைந்தார்கள். எல்லாம் முடிந்ததும், அதிகாரிகள் வரும்வரைக்கும் அழுக்காகக் கூடாது என்று பள்ளிக்கூட அதிபர் பூட்டுப் போட்டார். அது சரி என்றே எல்லோருக்கும் பட்டது. கல்யாணத்துக்கு வெள்ளையடித்த சுவரில் பிள்ளைகளைச் சாயவிடமாட்டோமே, அப்படித்தான் நினைத்தோம். ஆனால் அதிகாரிகள் வருகிற நாள் தள்ளித் தள்ளிப் போனது. பூட்டு அப்படியே தொங்கியது. அவசரமென்றால் அலுவலகத்தில் போய்ப் பூட்டின் திறப்பைக் கேட்டு வாங்கலாமாம். அங்கே இருப்பவர்கள் எல்லோரும் ஆண்கள். வாசலில் எந்நேரமும் பெடியன்கள் நிற்பார்கள். மாதவிலக்கு நாளில் எந்தப் பிள்ளை போய்க் கேட்கும்? என் மகள் கேட்கவே மாட்டாள். அவள் என்னைப் போல.

மருந்து குடித்துவிட்டுப் படுத்திருந்தவளிடம், இதைப் பற்றியெல்லாம் உங்களுக்குப் படிப்பிப்பதில்லையா என்று கேட்டேன். சுகாதாரப் பாடத்தில் படிப்பிக்கிறார்களாம். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், சலத்தை அடக்கக் கூடாது என்று சோதனையில்கூட எழுதினாளாம். அந்தக் கேள்விக்கு முழுப் புள்ளி. சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மனைவி தொலைபேசியில் அழுதாள். பிறகு கோபப்பட்டாள். "மீனோட மட்டுந்தான் கதைப்பீங்களா? போய்க் கேளுங்களன்."

பெற்றோர் கூட்டத்துக்குப் போனேன். கடைசி வரிசையில் இருந்தேன். விளையாட்டுப் போட்டிக்குப் பந்தல் எங்கே போடுவது என்று நெடுநேரம் பேசினார்கள். அத்தனை பேருக்கு முன்னால் எழும்பி என் பிள்ளையின் சலத்தைப் பற்றி எப்படிப் பேசுவது? பேசாமலே வந்துவிட்டேன். அன்று முழுக்க என்மேலேயே எனக்கு ஆத்திரம்.

மறுநாள் மகளிடம், இடைவேளையில் பள்ளிக்கூடப் பின் வாசலால் வீட்டுக்கு வந்து போ என்றேன். கூப்பிடு தூரம்தான். முதல் நாள் தனியே வந்தாள். பிறகு ஒரு கூட்டாளியோடு வந்தாள். அடுத்த கிழமை முற்றத்தில் வரிசையே நின்றது. எனக்கு அங்கே நிற்கக் கூச்சம். இடைவேளை மணி அடித்ததும் கரையில் கட்டிக் கிடக்கும் தோணியில் போய் ஏறி, வாவிப் பக்கம் திரும்பி இருந்துவிடுவேன். பின்னால் வாளிச் சத்தமும் சிரிப்பும் கேட்கும்.

"ஒங்கட அப்பா தோணிக்குள்ள என்னகா செய்யிறார்? மீன் எண்ணுறாரா?" என்று ஒருத்தி கேட்டது காதில் விழுந்தது.

"வெக்கப்படுறார்," என்றாள் என் மகள்.

போத்தல் வெறுமையாகத் திரும்பி வரத் தொடங்கியது. அது எனக்குப் பெரிய நிம்மதி. ஆனால் நீடிக்கவில்லை. அதிபர் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். மரியாதையான மனிதர், கதிரை தந்து இருக்கச் சொன்னார். பாடசாலை நேரத்தில் பிள்ளைகள் வெளியே போவது பாதுகாப்பில்லை, அதுவும் பெண் இல்லாத வீட்டுக்குப் போனால் ஊர் ஏதாவது கதைக்கும் என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் பின் வாசலுக்கும் பூட்டுப் போட்டாயிற்று என்றார். தலையாட்டிவிட்டு எழும்பினேன். கதவுவரை போய்த் திரும்பினேன்.

"சேர், அப்ப அந்தத் திறப்ப ஒரு டீச்சர்ட கையில குடுங்க. பொம்புளப் புள்ளைகள் ஆம்புளையளுக்கிட்ட வந்து கேக்காதுகள்."

அவர் மேசையிலிருந்த தாள்களை ஒதுக்கிவைத்தார்.

"அதிகாரிகள் வந்து போகட்டும். மறுகா பாப்பம். எதுக்கும் நீங்க இத எழுத்தில தாங்க."

எழுதிக் கொடுத்தேன். எழுத்துப் பிழையைத் திருத்தித் தருகிறேன் என்றாள் மகள். நானே எழுதியதாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். கொடுத்துப் பல நாள் ஆகிறது. பதில் இல்லை. கொடுத்த தாளில் கேட்கவேண்டியதை மட்டும் கேட்டேன். மனதில் கிடந்த மிச்சத்தைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

இன்று பின்னேரமும் அவள் பையைப் போட்டுவிட்டு ஓடினாள். போத்தலைத் தூக்கிப் பார்த்தேன். பாரமாக இருந்தது. வாழைக்கு ஊற்றவில்லை. மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவள் வெளியே வரும்வரைக்கும் நின்றேன். வாங்கி முழுவதையும் குடித்தாள். நாளைக் காலையில் மறுபடி அதிபரிடம் போகிறேன்.

ஐப்பசி 12ஆம் திகதி, புதன்கிழமை.