லோடு வண்டிக்குப் பின்வாசல்

போன வைகாசி முகூர்த்தத்தில் எனக்கு ஒரு வசவு கிடைத்தது. அலங்காநல்லூர் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் மேனேஜர் வேலை எனக்கு. மேனேஜர் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். சாவிக்கொத்து என்னிடம் இருக்கும், முகூர்த்த நாளில் கேட்டில் நின்று வண்டிகளை ஒதுக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். விருந்தாளிகளின் கார்களுக்கு முன்வாசல். காய்கறி, சிலிண்டர், வாடகைப் பாத்திரம் ஏற்றி வரும் வண்டிகளுக்குப் பின்வாசல். அன்று காலை ஒரு பிக்கப் வந்தது. ஆள் உயரம், கன்னங்கரேலென்று பளபளப்பு, பின்னால் பெரிய தொட்டி. பழகிப்போன கை சும்மா இருக்குமா? விசிலை ஊதி, சமையல்கட்டுப் பக்கம் காட்டிவிட்டேன்.

கண்ணாடி இறங்கியது. ஏசிக் குளிரோடு சென்ட் வாசனை அடித்தது. ஓட்டி வந்தவனுக்கு முப்பது வயது இருக்கும். "யோவ், கண்ணு தெரியலையா? இது லோடு வண்டி இல்லய்யா, ஃபேமிலி கார்" என்றான். பக்கத்தில் பட்டுப்புடவையில் மனைவி, மடியில் குழந்தை. பின்சீட்டில் யாரோ இருந்தார்கள், கறுப்புக் கண்ணாடியில் தெரியவில்லை. தொட்டியை எட்டிப் பார்த்தேன். மூடி போட்டுப் பூட்டியிருந்தது. அதில் ஒரு வைக்கோல் துரும்புகூட ஏறியிருக்காது.

ஃபேமிலி காராம்! பிக்கப்பைக் குடும்ப வண்டி ஆக்கியது என்னவோ இவர்கள்தான் என்பதுபோல. எழுமலையில் நான் பிக்கப் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் சொந்தபந்தம் மொத்தத்துக்கும் அதுதான் குடும்ப வண்டி. திங்கள் தக்காளி, செவ்வாய் ஆட்டுக்குட்டி, நடுவில் யாருக்காவது வலி கண்டால் ஆஸ்பத்திரி. கோயிலுக்குப் போகிறோம் என்றால் தொட்டியில் வைக்கோலைப் பரப்பி ஜமுக்காளத்தை விரித்துவிடுவேன். முன்சீட்டு கர்ப்பிணிகளுக்கும் வாந்தி எடுப்பவர்களுக்கும் மட்டும். எங்கள் பெரியம்மா அதை, அந்தக் காலத்தில் காரைச் சொல்வதுபோல, 'பிளசர்' என்றுதான் சொல்லுவாள். "எம்மகன் பிளசர்ல கூட்டிட்டுப் போறான், உங்க வீட்ல யாருடி கூட்டிட்டுப் போறா?" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் ஏறுவாள். வழியில் போலீஸ்காரர் மறித்து, "என்னய்யா, ஆள ஏத்தியிருக்க, இது ஆடா மாடா?" என்று கேட்டால், "ரெண்டுந்தான் சார், பிரிச்சுப் பாத்துக்கங்க" என்று பதில் சொல்வதும் அவள்தான்.

ஆட்டு வாசனை மட்டும் போகவே போகாது. எம்புட்டு கழுவினாலும் பலகை இடுக்கிலிருந்து வந்துகொண்டே இருக்கும். என் தங்கச்சி பிள்ளையின் காதுகுத்துக்கு முதல்நாள் மத்தியானம் பூராவும் கழுவினேன். சோப்புத்தூள், பினாயில், கடைசியில் அத்தர். விளைவு என்னவென்றால் ஆடு ஒன்று பினாயிலைக் குடித்துவிட்டு அத்தர் பூசிக்கொண்ட மாதிரி ஒரு நாற்றம். எனக்கு அது தெரியவில்லை பாருங்கள், சந்தோஷம் மூக்கை அடைத்திருந்தது.

எனக்குக் கூடப்பிறந்தது அவள் ஒருத்திதான். அப்பா இல்லை. மேலூரில் கட்டிக் கொடுத்திருந்தோம், மாப்பிள்ளைக்கு மதுரையில் ஆபீஸ் உத்தியோகம். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும், உங்களுக்குத் தெரியாததா? வண்டிக்கு வாழைமரம் கட்டி, தொட்டியில் சீர்த்தட்டும் மாலை போட்ட கிடாயும் பதினெட்டுப் பேருமாக மேலூர் மண்டபத்துக்குப் போய் இறங்கினோம். பிள்ளைக்கு எடுத்த கடுக்கன் என் சட்டைப்பையில் இருந்தது. தட்டில் வைத்தால் ஆட்டத்தில் விழுந்துவிடும் என்று நான்தான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

வாசலில் மாப்பிள்ளை ஓடிவந்தார். வரவேற்கத்தான் என்று நினைத்தேன். குரலைத் தாழ்த்தி, "மச்சான், கோவிச்சுக்கிறாதீக. எங்க ஆபீஸ் ஆளுக அம்புட்டுப் பேரும் கார்ல வந்து எறங்குறாக. லோடு வண்டியப் பின்வாசலுக்கு விட்ருங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் கூடுதலாக எரிந்தது.

பின்வாசலுக்கு விட்டேன். வெங்காய மூட்டைக்கும் விறகுக்கும் நடுவில் சீரை இறக்கினேன், சொந்தங்களை இறக்கினேன். "என்னப்பா இது, மேளம் அங்கிட்டு அடிக்குது?" என்றாள் பெரியம்மா. நான் வண்டியில் ஏறிச் சாவியைத் திருகினேன். அதற்குள் சமையல்கட்டு வழியாகத் தங்கச்சி ஆரத்தித் தட்டோடு ஓடிவந்துவிட்டாள். முன்வாசலில் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். "அண்ணே, போகாதண்ணே! முன்வாசலுக்கே கொண்டு வா. யாரு கேக்குறான்னு நான் பாத்துக்கிறேன்" என்று கத்தினாள். கண்ணாடியில் பார்த்தேன். தட்டிலிருந்த சிவப்புத் தண்ணீர் சேலை பூராவும் சிந்தியிருந்தது. நான் நிறுத்தவில்லை.

ரோஷமாம், ரோஷம். ஒரு மணி நேரம் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என் ரோஷம் என்ன தேய்ந்தா போயிருக்கும்? அவமானப்படுத்தியது ஒருத்தர், தண்டனை கொடுத்தது இன்னொருத்திக்கு. இன்றைக்குச் சொல்கிறேன், அன்றைக்குப் புத்தி எங்கே போயிருந்ததோ!

பதினெட்டுப் பேரும் பட்டுச்சேலையோடு பஸ் ஏறி வந்தார்கள். பிள்ளையை யாரோ ஒன்றுவிட்ட முறையில் ஒருத்தர் மடியில் வைத்துக் குத்தினார்களாம். கடுக்கனுக்குத் தங்கச்சி தன் தோட்டைக் கழற்றிக் கொடுத்தாளாம். கடுக்கன் என் பையிலேயே வந்துவிட்டது எனக்கு எழுமலையில் இறங்கும்போதுதான் தெரிந்தது. ஆள் மூலம் அனுப்பினேன். பிரிக்காமலே திரும்பி வந்தது. அப்புறம், அவள் வரட்டும் என்று நான் இருந்தேன், அண்ணன் வரட்டும் என்று அவள் இருந்திருப்பாள். பெரியம்மா சாவுக்கு வந்தவள்கூட, வாசலோடு அழுதுவிட்டுப் போய்விட்டாள். வண்டி துருப்பிடித்துக் காயலான் கடைக்குப் போனது. நான் மண்டபத்து கேட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

வைகாசி முகூர்த்தத்தன்று காலை பிக்கப்பில் வந்த அந்தப் பையன் கத்திக்கொண்டிருக்கும்போதே பின்சீட்டுக் கண்ணாடி இறங்கியது. "என்னடா சத்தம்?" என்று ஒரு குரல். நரைத்துப்போயிருந்தாள். மூக்குத்தி மட்டும் அதே மூக்குத்தி. என்னைப் பார்த்தாள். எனக்கு விசில் வாயிலேயே இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை.

"அவரு சொல்ற எடத்துலயே விடுப்பா" என்றாள் மகனிடம். "அவருக்குப் பின்வாசல்தான் பழக்கம்."

"யாரும்மா? தெரிஞ்சவரா?"

"மண்டபத்து ஆளுப்பா."

கண்ணாடி ஏறிவிட்டது. வண்டி முனகிக்கொண்டே போய்ச் சிலிண்டர் வண்டிக்குப் பக்கத்தில் நின்றது. இறங்கி வந்தவனின் காதைப் பார்த்தேன். துளை தூர்ந்து ஒரு புள்ளிதான் மிச்சம் இருந்தது. கடுக்கன் இன்னும் என் பீரோவில் கிடக்கிறது. பூட்டிய அந்தத் தொட்டியில் ஜமுக்காளம் விரிக்க ஆள் இல்லை, ஏறி உட்கார்ந்து ஊரை வம்புக்கிழுக்கப் பெரியம்மாவும் இல்லை. என்னை மாமா என்று கூப்பிட இந்த உலகத்தில் இருந்த பிள்ளை அவன் ஒருத்தன்தான். முதன்முதலாக என்னிடம் பேசிய அன்று அவன் என்னை 'யோவ்' என்றான்.