பிரியாத கிளட்சும் பத்து மணி ரயிலும்

ஜப்பான்காரன் வருவதற்கு நாலைந்து வருஷம் முன்பு நடந்தது இது. நான் அப்போது பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்தேன். ரயில்வே பட்டறையில் பிட்டர் வேலை. ஊருக்குத் திரும்பிய ஒரு துரையிடம் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கியிருந்தேன். தமிழன் கையில் மோட்டார் சைக்கிள் என்றால் சும்மாவா? எனக்குத் தலைகால் புரியவில்லை.

தாயில்லாத என்னை வளர்த்த அக்கா, ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளியிருந்த கிள்ளானில் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவளுடைய பக்கத்து வீட்டு அண்ணன் முதல் ரயிலில் வந்து கதவைத் தட்டினார்.

"தம்பி, அக்காவுக்குக் காய்ச்சல் முத்திப்போச்சு. உங்களத்தான் கேக்குது. பத்து மணி ரயிலு இருக்கு, சேர்ந்தே போயிடலாம் லா."

"நீங்க போங்கண்ணே. நீங்க எறங்கறதுக்குள்ள நான் அங்க நிப்பேன்."

ரயில்வேக்காரன், கையில் இலவச பாஸ் வேறு. ஆனாலும் வீம்பு விடவில்லை.

மோட்டார் சைக்கிளை உதைத்ததும் இஞ்சின் கிளம்பியது. கிளட்சை முழுக்கப் பிடித்துக்கொண்டு கியரைப் போட்டேன். வண்டி ஒரு எகிறு எகிறி நின்றுவிட்டது. கிளட்ச் பிரியவில்லை. அதன் கம்பி தளர்ந்திருக்கும் என்று இறுக்கினேன். மறுபடியும் அதேதான். எண்ணெய் விட்டேன், இன்னும் இறுக்கினேன். பத்து மணி ரயில் ஊதியது காதில் விழுந்தது. பட்டறையில் பெரிய இஞ்சினையே பிரித்து மாட்டுகிறவன், இதை விட்டுவிட்டு ஓடுவேனா?

கடைசியில் கிளட்ச் மூடியைக் கழற்றியபோதுதான் தெரிந்தது. கம்பியில் ஒரு கோளாறும் இல்லை. வண்டி ஓடாமல் நின்றதில் ஈரம் ஏறி, உள்ளே இருந்த தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. மழை, ஓவர்டைம் என்று சாக்குச் சொல்லி மூன்று மாதமாக வண்டியை எடுக்கவில்லை. அதாவது, மூன்று மாதமாக அக்காவைப் பார்க்கப் போகவில்லை. கத்தியால் தட்டுகளைப் பிரித்து, பெட்ரோலில் கழுவி மாட்டி முடிக்கப் பகல் ஒரு மணி ஆகிவிட்டது.

கிள்ளானில் நான் இறங்கியபோது வாசலில் ஆட்கள் நின்றார்கள். அக்கா போய் ஒரு மணி நேரமாகியிருந்தது. அந்த அண்ணன் என்னைத் திட்டவில்லை.

"தம்பி மோட்டார் சைக்கிள்ல பின்னாலயே வருதுன்னு சொல்லிட்டேன். ரோட்டுல வண்டிச் சத்தம் கேக்கறப்பல்லாம், 'அவன்தானா, பாருங்க'ன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு" என்றார்.

வண்டியை அந்த மாதமே விற்றுவிட்டேன். யாருக்காவது முடியவில்லை என்று ஆள் வந்தால் இப்போதெல்லாம் எதில் போவது என்று நான் யோசிப்பதில்லை. முதலில் கிடைப்பதில் ஏறிவிடுகிறேன். அப்படி ஏறி உட்கார்ந்த பிறகுதான், அக்கா, உன்னை நினைத்து அழுகிறேன்.