ஹெல்மெட்டுக்கு ஒரு பிடி

எங்கள் வீட்டு ஹெல்மெட்டுக்கு ஒரு பிடி இருந்தது. வாளிக்கு இருக்குமே, அந்த மாதிரி. இரண்டு பக்கமும் தொங்கும் வாரைச் சேர்த்து அழுத்தினால் பொத்தான் மாட்டிக்கொள்ளும். அந்தப் பிடியைக் கொண்டுதான் அம்மா அதை ஆணியில் மாட்டுவாள். அப்பா சில நாள் அதில் கத்தரிக்காயைப் போட்டுத் தூக்கிக்கொண்டு வருவார்.

அப்போது அப்பாவிடம் பழைய மொபெட் ஒன்று இருந்தது. பெடலை மிதித்துக் கிளப்ப வேண்டும். மேடு வந்தாலும் மிதிக்க வேண்டும். செம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். விடியும்போதே பூ மூட்டையைக் கட்டிக்கொண்டு திண்டுக்கல் மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடுவார். வழியெல்லாம் லாரி. பக்கத்துத் தோட்டக்காரர் அந்த ரோட்டில் விழுந்து செத்ததிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. மொபெட் சத்தம் கேட்கிறவரை அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருப்பாள். அவள் நச்சரிப்புத் தாங்காமல்தான் அப்பா சந்தையில் அந்த ஹெல்மெட்டைப் பழசாக வாங்கினார். ஊரில் வேறு யாரும் போட்டதில்லை. "ஏலே, சோத்துச் சட்டியக் கவுத்துக்கிட்டு எங்க கிளம்பிட்ட?" என்று டீக்கடையில் கேட்பார்களாம். அப்பாவுக்கு அடர்த்தியான சுருட்டை முடி. அதன்மேல் வைத்து அமுக்கினால் ஹெல்மெட் அசையாது.

அம்மா அதோடு நிற்கவில்லை. இவர் ஒரு வருசம் விழாமல் வந்தால் இவர் முடியைத் தருகிறேன் என்று பழனி முருகனிடமும் வேண்டிக்கொண்டாள்.

வருசமும் நல்லபடியாகப் போயிற்று. பழனிக்கு அம்மா பஸ்ஸில் வந்தாள். எனக்குப் பஸ் ஏறினால் வாந்தி வரும் என்பதால் நான் அப்பாவோடு மொபெட்டில். மொட்டை அடித்துச் சந்தனம் பூசி மலை இறங்கியதும் அப்பா ஹெல்மெட்டைப் போட்டார். அது நேரே மூக்கில் வந்து உட்கார்ந்தது. அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. துண்டை மடித்து உள்ளே வைத்துப் பார்த்தாள். ஹெல்மெட் அப்படியும் ஆடியது. வண்டியை இங்கேயே போட்டுவிட்டுப் பஸ்ஸில் வாருங்கள் என்று கெஞ்சினாள். காலையில் பூ ஏற்ற வண்டிக்கு எங்கே போவது என்றார் அப்பா. பிறகு என்னிடம், "ஆத்தா, பின்னாலருந்து இத இழுத்துப் பிடிச்சுக்க. கண்ண மறைக்காமப் பாத்துக்க" என்றார்.

அம்மா பஸ்ஸுக்கு நின்றாள். நாங்கள் கிளம்பினோம்.

எனக்கு முதலில் பெருமையாக இருந்தது. கொஞ்ச தூரத்தில் பயம் பிடித்துக்கொண்டது. குழியில் இறங்கும்போதெல்லாம் ஹெல்மெட் முன்னால் சாயும், நான் இழுப்பேன். விட்டால் அப்பாவுக்குக் கண் தெரியாது. இரண்டு கையும் அதிலேயே இருந்ததால் நான் வேறு எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. கை கடுத்தது, சொல்லப் பயம்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட் ஓரம் ரோடெல்லாம் நசுங்கிய தக்காளி. ஒரு லாரி திரும்பியது, அப்பா பிரேக்கை அழுத்தினார், மொபெட் வழுக்கிக்கொண்டு போனது. நான் காலிச் சாக்குகளின்மேல் விழுந்தேன். ஹெல்மெட் என் கையில் பத்திரமாக இருந்தது. அப்பாவின் சந்தன மண்டை முழுக்கச் சிவப்பு.

மூட்டை தூக்குகிறவர்கள் ஓடிவந்தார்கள். ஒருவர் அப்பாவைத் தூக்கி உட்காரவைத்து, "ஏனுங்க, தொப்பிய பாப்பாகிட்டக் குடுத்துட்டு நீங்க தலைய ரோட்டுல வெச்சிருக்கீங்க?" என்றார். யாரோ சிரித்தார்கள். அப்பாவும் சிரிக்கப் பார்த்தார். நான் ஹெல்மெட்டை விடவில்லை.

பின்னால் வந்த பஸ்ஸிலிருந்து அம்மா பார்த்துவிட்டாள். நிறுத்தச் சொல்லி இறங்கி வந்தவள் அழவில்லை. முந்தானையை எடுத்து, எது தக்காளி எது ரத்தம் என்று துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். காதுக்குமேல் கிழிந்திருந்தது. அதைக் கண்டதும் முந்தானையைச் சுருட்டி அங்கே வைத்து அழுத்திக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் தையல் போட்டு அனுப்பினார்கள்.

அடுத்த வருசமும் வேண்டுதல் இருந்தது. பழனி அடிவாரத்தில் அம்மா அப்பாவிடம், "ஒங்க முடியில கை வைக்க வேணாம். இனி நான் குடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி அது. அப்பா மொபெட்டை விற்கிறவரை வருசா வருசம் அம்மாதான் மொட்டை. பூக்காரர் வீடாக இருந்தும் அவள் தலையில் பூ இருந்து நான் பார்த்ததில்லை. எனக்குச் சடை பின்னி மல்லிகை வைத்துவிடுவாள். அவளுக்குப் பூ பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவள் பள்ளிக்கூடத்துக்கு வந்தால் எனக்கு வெட்கமாக இருக்கும்.

போன மாசம் மகள் ஸ்கூட்டரில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு திண்டுக்கல்லுக்குப் போனாள். எனக்கும் ஒரு ஹெல்மெட்டைப் போட்டு, "அம்மா, தாடையத் தூக்கு" என்றாள். தாடைக்குக் கீழே வாரை இழுத்து டக்கென்று மாட்டினாள். எனக்கு இப்போது முடியெல்லாம் கொட்டி மண்டை தெரிகிறது. தலையை ஆட்டிப் பார்த்தேன். ஹெல்மெட் அசையவே இல்லை.

"என்னம்மா, பயமா இருக்கா?" என்று கேட்டாள்.

நான் வாரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே பிடிதான்.