இணையம் இல்லாதவருக்கு ஒரு முதல் பக்கம்

செவ்வாய்க்கிழமை மாலை லம்பா லைனில் பேருந்துக்கு நின்றிருந்தேன். ஜெசிந்தாவின் எண்ணிலிருந்து அழைப்பு. கையேட்டில் திருத்தம் கேட்டு விரட்டப் போகிறார் என்று நினைத்தே எடுத்தேன். பேசியது அவருடைய தம்பி. "அக்கா போயிட்டாங்க சார். கடையில உக்காந்திருக்கும்போதே நெஞ்சு வலி." வந்த பேருந்தை விட்டுவிட்டேன்.

நம் குழுவில் பலர் அவரை நேரில் பார்த்ததில்லை. எங்கள் தீவில், கராச்சர்மாவில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த மீனவக் குடும்பம். கணினிக்கான கட்டற்ற இயங்குதளம் ஒன்றுக்கு நாம் எழுதும் தமிழ் அறிமுகக் கையேட்டில் அவர் சண்டை போடாத பக்கம் கிடையாது.

முதல் சண்டை என்னோடுதான். 'இணையத்திலிருந்து பதிவிறக்குங்கள்' என்று கையேட்டைத் தொடங்கியிருந்தேன். "நெட் இல்லாதவன் க்யா கரேகா சார், என்ன செய்வான்? ஹேவ்லாக் தீவுல என் கஸ்டமருக்கு மூணு நாளா நெட் நஹி. நான் பென்டிரைவ்ல போட்டு கப்பல்ல குடுத்து விடுறேன். அத எழுதுங்க" என்றார். கடலுக்கு அந்தப் பக்கம், மெயின்லேண்டில் இருக்கும் நண்பர்கள் சிரித்தார்கள், நானும்தான். அவர் விடவில்லை. இன்று நம் முதல் பக்கம் பென்டிரைவில்தான் தொடங்குகிறது.

எழுதிய பக்கத்தை அச்செடுத்து, கடைக்கு வருகிற யாரையாவது எதுவும் நிறுவாத காலிக் கணினியின் முன் உட்காரவைப்பார். வாய் திறக்க மாட்டார். அவர்கள் திணறும் வரியில் பென்சிலால் கோடு போடுவார். "படிக்கிறவங்க முழிச்சா எழுதினவங்க மேலதான் தப்பு" என்பார். என் பக்கங்களில்தான் கோடுகள் அதிகம். எனக்குக் கோபம் வரும், பிறகு திருத்துவேன்.

அடுத்த மாதம் இயங்குதளத்தின் புதிய பதிப்பு வருகிறது. அதற்குள் மிச்சமிருக்கும் மூன்று பக்கங்களைப் புதுப்பிக்காவிட்டால் அதை வெளியிடுபவர்கள் தமிழ்க் கையேட்டை எடுத்துவிட்டு ஆங்கிலத்தை மட்டும் வைப்பார்கள். அந்த மூன்றில் ஒன்றின் கீழ், போன ஞாயிற்றுக்கிழமை ஜெசிந்தா எழுதியிருந்தார்: "சார், இத காலி மெஷின்ல நீங்களே செஞ்சு பாத்தீங்களா?" எரிச்சலில் நான் பதில் போடவில்லை. எல்லாம் ஏற்கெனவே அமைத்துவைத்த என் மடிக்கணினியைப் பார்த்து எழுதிய பக்கம் அது.

அடக்கம் முடிந்த மறுநாள் அந்த மடிக்கணினியை முழுக்க அழித்தேன். என் பக்கத்தை வைத்துக்கொண்டு முதலிலிருந்து நிறுவினேன். நான்காவது படியில் நின்றுவிட்டது. தமிழ் விசைப்பலகையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தை நான் எழுதவே இல்லை. வெட்கமாக இருந்தது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கேள்வியைத்தான். மூன்று பக்கங்களும் அதைத் தாண்டித்தான் பதிப்புக்குப் போகும், கெடு தவறாமல் போகும். அவர் எழுதியிருந்ததன் கீழே பதிலும் போட்டுவிட்டேன்: "இல்லை ஜெசிந்தா. இப்போதுதான் செய்கிறேன்."