பனிவண்டிக்குப் பல்லும் ஆணியும்

பனியே விழாத சான் ஹோசேயில் ஸ்னோமொபைலுக்கு டிராக் விற்பது ஒன்றும் கஷ்டமில்லை. டிராக்கைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்டு கடைக்கு வருகிறவர்களுக்கு விற்பதுதான் கஷ்டம்.

கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கும் சக பாவப்பட்டவர்களே, உங்களுக்குத் தெரியாததா? நான் ஈரோட்டில் மெக்கானிக்கல் படித்தவள். கணவரின் விசாவில் வந்து, வேலை பெர்மிட்டுக்காக ஆறு வருடம் வீட்டில் உட்கார்ந்திருந்து, கடைசியில் கிடைத்த முதல் வேலை இது. முதலாளி கேரி சேர்க்கும்போதே சொல்லிவிட்டார்: ஒரு சீசன் பார்ப்பேன். நீ விற்ற சாமான் திரும்பி வந்தாலும் சரி, வந்த கஸ்டமர் வெறுங்கையோடு போனாலும் சரி, அடுத்த சீசன் கிடையாது.

டிராக் என்பது வண்டிக்கு அடியில் சுற்றும் ரப்பர் பட்டை. அதில் வரிசையாக ரப்பர் பற்கள். புதுப்பனி ஆழமாகக் கிடக்கும் மலைக்கு நீளப் பல், கெட்டிப்பட்ட பாதைக்குக் குட்டைப் பல். பாதை ஐஸாக இறுகியிருந்தால் குட்டைப் பற்களுக்கு நடுவே ஸ்டட் என்கிற ஆணி. இங்கே வாங்குகிறவர்கள் சில மணி நேரம் தள்ளியிருக்கும் பனிமலைக்கு வண்டியை இழுத்துப்போய் ஓட்டுகிறவர்கள். எங்கே ஓட்டப்போகிறீர்கள் என்று கேட்டுவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. அந்த ஒரு கேள்விக்குத்தான் யாரும் நேராகப் பதில் சொல்லமாட்டார்கள்.

தோளுக்கு மேலே ஒரு பார்வை

குபெர்டினோவிலிருந்து ஒரு அங்கிள் வந்தார். சட்டையில் என் பெயரைப் படித்ததும் முகம் மலர்ந்துவிட்டது. எந்த ஊர், எந்த காலேஜ், வீட்டுக்காரர் எந்தக் கம்பெனி, கிரீன் கார்டு எந்த நிலையில் இருக்கிறது, எல்லாம் விசாரித்தார். நானும் சிரித்த முகமாகப் பதில் சொல்லிவிட்டு, என் முறைக்குக் கேட்க ஆரம்பித்தேன். பழைய டிராக் எவ்வளவு நீளம், பல் என்ன உயரம், எந்தப் பக்கம் ஓட்டுவீர்கள்? அவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்து, மிகுந்த பாசத்தோடு சொன்னார்: "அதெல்லாம் சரிம்மா. டெக்னிகலா பேசறதுக்கு உள்ள யாராவது இருக்காங்களா?"

மூன்று இஞ்ச் கௌரவம்

கார்த்திக் என்று ஒரு சாஃப்ட்வேர் மேனேஜர். மூன்று இஞ்ச் பல் வைத்த டிராக்தான் வேண்டும் என்று நின்றார். அவருடைய வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டு பேர் அதைத்தான் போட்டிருக்கிறார்களாம். எங்கே ஓட்டுவீர்கள் என்று மூன்றாவது தடவை கேட்டபோதுதான் உண்மை வந்தது: மெஷின் வைத்துச் சமன் செய்த பனிப்பாதையில், பின்னால் பிள்ளையை உட்காரவைத்துக்கொண்டு. கெட்டிப் பாதையில் நீளப் பல் மடங்கும், வண்டி நெளியும், ரப்பர் சீக்கிரம் தேயும் என்று தொண்டை வறளச் சொன்னேன். ஒன்றேகால் இஞ்சுக்கு ஒருவழியாகச் சம்மதித்தார். பில் போடும்போது மனசு கேட்காமல், "நீங்க சொல்றது ஹண்ட்ரட் பர்சென்ட் கரெக்ட் மேடம். ஆனா போட்டோ எடுத்து குரூப்ல போட்டா சின்னதா தெரியுமே?" என்றார்.

மூன்றாவது எலுமிச்சை

மில்பிடாஸிலிருந்து ஒரு தம்பதி, நாங்கள் ஸ்டட் அடித்து வைத்திருந்த வண்டியை எடுக்கக் குங்குமம், கற்பூரத்தோடு வந்தார்கள். கார் என்றால் நாலு சக்கரத்துக்கு நாலு எலுமிச்சை. இந்த வண்டிக்கோ முன்னால் ஸ்கீ என்கிற சறுக்குக் கட்டை இரண்டு, பின்னால் ஒரே டிராக். ஊருக்கு வீடியோ கால் போட்டுப் பேசி, மூன்று என்று முடிவானது. ஆணி தரையைக் கிழிக்காமலிருக்க நான் தடித்த ரப்பர் பாயை விரித்துக் கொடுத்தேன்.

அந்தம்மா சாமி கும்பிட்டுவிட்டு ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அதிகமாகவே அழுத்திவிட்டார். ஸ்கீக்கு அடியில் இருந்தவை ஒழுங்காக நசுங்கின. மூன்றாவது ஆணியில் குத்திக்கொண்டு, டிராக்கோடு பின்பக்கமாக மேலே ஏறி, அங்கே நின்றிருந்த கேரியின் வெள்ளைச் சட்டையில் சாறும் சக்கையுமாக அடித்தது. வேலை போச்சு என்றே நினைத்தேன். கேரி சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்த ஸ்டட் பிடிக்குமா பிடிக்காதான்னு இனிமே யாரும் என்கிட்ட கேட்க வேண்டாம்."

டாக்டர் அங்கிள்

திருநெல்வேலிக்காரர், இங்கே பெரிய டாக்டர். மலையில் ஆழப்பனியில் ஓட்டுகிறவர். அவர் டிராக்கில் இரண்டரை இஞ்ச் பல். மலைக்குப் போகும் பாதை ஒருநாள் ஐஸாக இருந்து சறுக்கிவிட்டதாம், அதிலேயே ஸ்டட் அடிக்க வேண்டும் என்றார். ஆணி பல்லைவிட வெளியே நீட்டினால்தான் பிடிக்கும். அவ்வளவு நீள ஆணியை அந்தப் பட்டை தாங்காது அங்கிள், ஆணி வளைந்து ரப்பரைக் கிழிக்கும், வண்டியின் அடிப்பக்கத்தையும் குத்தும் என்று சொன்னேன். அவர் கேட்டார்: "நான் கேக்கறதை எடுத்துக் குடுக்கறதுதானம்மா உன் வேலை?"

வேலை என்றதும் கேரி சேர்க்கும்போது சொன்னதுதான் ஞாபகம் வந்தது. கொடுத்தால் கிழிந்து திரும்பி வரும்; கொடுக்காவிட்டால் வெறுங்கையோடு போவார். இரண்டுக்கும் கேரியிடம் ஒரே தண்டனை. முடியாது அங்கிள் என்றேன். அவர் விருட்டென்று போனார். கதவருகே நின்ற கேரி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு இரண்டு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. "பேசாம குடுத்திருக்கலாம்ல?" என்று கணவர் வேறு.

மூன்றாவது வாரம் டாக்டர் வண்டியை ட்ரெய்லரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். வேறெங்கோ ஆணி வாங்கித் தானே அடித்திருக்கிறார். டிராக் நாலு இடத்தில் கிழிந்திருந்தது, அடியில் குத்துப்பட்டு, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஒழுகியது, பாதி மலையிலிருந்து யாரோ கட்டி இழுத்து வந்தார்களாம். இந்தப் பெண் வேண்டாம் என்றுதான் சொன்னாள் என்று கேரியிடம் அவரே ஒப்புக்கொண்டார். கேரி என் பக்கம் திரும்பி, அடுத்த சீசனுக்கு என்னென்ன டிராக் வரவழைக்கலாம் என்று லிஸ்ட் போடச் சொன்னார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கக் குனிந்து டாக்டருக்குப் புது டிராக் பில் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் கவுண்டரில் சாய்ந்து, உண்மையான வருத்தத்தோடு சொன்னார்: "நீ அன்னைக்கே இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாமேம்மா."

ஐஸில் வண்டி வழுக்காமல் நிற்க ஆணி வந்துவிட்டது. நாம் சொல்வது கஸ்டமர் காதில் வழுக்காமல் நிற்கத்தான் இன்னும் எந்தக் கம்பெனியும் ஒன்றும் செய்யக் காணோம்.