வெயிலில் பார்த்த நீலம்

சாயப்பட்டறை மாஸ்டர் முப்பது வருஷத்தில் எடுத்த முதல் நீண்ட விடுப்பு அது. விடுப்புக் கடிதத்தில் காரணம் என்று கேட்ட இடத்தில் "சொந்த வேலை" என்று மட்டும் எழுதினார். மனைவிக்குப் புற்றுநோய், டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள் என்று எழுத அந்த மனுஷனுக்குக் கை வரவில்லை.

முதலாளி கெட்டவரல்ல. "போயிட்டு வாங்க மாஸ்டர், உங்களை யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க" என்றுதான் அனுப்பிவைத்தார். ஆனால் ஒன்பதாம் நாள் காலையில் மேனேஜர் போன் செய்தார்.

"மாஸ்டர், இந்த நீலம் சாம்பிளோட சேரவே மாட்டேங்குது. மூணு தடவை முக்கியாச்சு. துண்டுத் துணியை டிரைவர்கிட்ட கொடுத்து விடுறேன், ஒரு பார்வை பார்த்துடுங்க. எங்க இருக்கீங்க?"

"பெரிய ஆஸ்பத்திரி பக்கம். வாசல்ல நிக்கச் சொல்லுங்க."

அப்போதும் அவர் விஷயத்தைச் சொல்லவில்லை.

டிரைவர் வாசலுக்கு வந்து போன் செய்ததும், மாஸ்டர் மனைவியின் கட்டிலருகிலிருந்து எழுந்தார். கட்டிலில் கிடந்தவள் கண் திறந்தாள். எலும்பும் தோலுமான கை அவர் விரலைப் பற்றியது.

"என்ன, மூத்த தாரம் கூப்பிடுறாளா?" பட்டறையை அவள் அப்படித்தான் சொல்வாள்.

"அஞ்சே நிமிஷம்டி."

"உங்க அஞ்சு நிமிஷம் எனக்குத் தெரியாதா? இன்னைக்கு எங்கேயும் போகாதீங்க. பயமா இருக்கு."

"இதோ, போனதும் தெரியாது வந்ததும் தெரியாது" என்று, துணைக்கு வந்திருந்த மச்சினியை அருகே உட்காரவைத்துவிட்டு இறங்கினார்.

டியூப்லைட் வெளிச்சத்தில் நிறம் பொய் சொல்லும். பகல் வெளிச்சத்தில் பார்க்காமல் எந்தத் துணியையும் அவர் சரி என்று சொன்னதில்லை. வெளியே வந்தால் மேகம் மூடிக்கிடந்தது. துணியை ஏந்தியபடி, வெயில் வரட்டும் என்று வானத்தைப் பார்த்து நின்றார். வெயிலும் வந்தது. "சிவப்பு கொஞ்சம் குறையுதுன்னு சொல்லுப்பா" என்று அவர் துணியைத் திருப்பிக் கொடுத்தபோது அரை மணி நேரம் ஓடியிருந்தது.

மாடியில் மச்சினி சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றாள்.

"அத்தான்... 'வந்துட்டாரா, வந்துட்டாரா'ன்னு கதவையே பார்த்துக்கிட்டே போயிட்டா அக்கா. போன் பண்ணினேன், உங்க போன் மேலேயே கட்டில்ல கிடந்து அடிக்குது..."

சாயங்காலம் முதலாளி பதறியடித்து வந்தார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா மாஸ்டர்? பட்டறையையே மூடியிருப்பேனே!"

மாஸ்டர் உடைந்துபோன குரலில் சொன்னார்.

"நானும் சொல்லலை, நீங்களும் விசாரிக்கலை முதலாளி. அவ ஒருத்திதான் வாயைத் திறந்து சொன்னா. அவளை உட்டுட்டு நான் வெயிலுக்குக் காத்துக்கிட்டு நின்னேன்."