பிடரியைத் தேய்க்கும் சத்தம்

வெள்ளைத்தாயிடம் அவள் புருஷன் கண்ணுசாமியைப் பற்றிப் பேசும்போது 'செத்துட்டான்' என்ற சொல்லை அப்போதெல்லாம் நாங்கள் யாரும் எடுக்க மாட்டோம். எடுத்தால் அவள் முறைப்பாள். அந்த முறைப்புக்குப் பிறகு நமக்குச் சோறு இறங்காது.

கண்ணுசாமி வண்டிப் பந்தயத்துக்கென்று ஒரு பெண் குதிரை வளர்த்தான். ஆடு மேய்க்கிற வீட்டில் குதிரை எதற்கு என்று ஊரே சிரித்தது, நானும்தான் சிரித்தேன். அவன் காதிலேயே வாங்கவில்லை. பொழுது சாய்ந்ததும் சேணம் இல்லாமல் ஏறி, பிடரி மயிரை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு கண்மாய்க்குக் குளிப்பாட்ட ஓட்டிப் போவான். போன ஆவணியில் கோவில்பட்டிக்குக் கொள்ளு வாங்கப் போனவன் லாரியில் அடிபட்டு வெள்ளைத்துணியில் திரும்பினான். வெள்ளைத்தாய் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

ஐப்பசி மழையில் கரிசல் குழைந்து, குதிரையின் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சேறு காயவே இல்லை. அப்போதுதான் அது பொழுதடையும் நேரத்தில் பிடரியைக் கல்தூணில் தேய்க்க ஆரம்பித்தது. கர்ர், கர்ர் என்று தெருமுனை வரை கேட்கும். நாள் போகப் போக மயிர் கொட்டி, கண்ணுசாமி பிடிக்கிற அதே இடம் மொட்டையாகிவிட்டது.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

"கண்ணுசாமிதாம்லே ஏறிப் போறான்" என்றார்கள். அவன் அண்ணன் சாமித்துரை, குதிரையைச் சுடலைமாடன் கோயிலுக்கு நேர்ந்து விட்டுவிடச் சொன்னான். விளக்கு வைக்கும் நேரத்தில் அந்த வழியே போக எனக்கும் நடுக்கம்தான். அவள் மட்டும் பயப்படவில்லை. சத்தம் கேட்டதும் முகம் கழுவி, தலை சீவி, தொழுவத்து வாசலில் வந்து உட்காருவாள்.

"இன்னைக்கு வெள்ளனயே வந்துட்டியளா?" என்று அவள் கேட்டதை என் காதாலேயே கேட்டேன்.

ஆடுகளுக்கு ஊசி போட ஊருக்கு வந்த டாக்டர் உமாதேவியை நான்தான் கையோடு அங்கே கூட்டிப் போனேன். அவர் குதிரையின் பிடரி மயிரை விலக்கி விலக்கிப் பார்த்தார்.

"பேனும் இல்ல, சிரங்கும் இல்ல. கொசுவவிடச் சின்னப் பூச்சி. சேத்துல பெருகி, விடியக்காலமும் பொழுதடையவும் கடிக்கும். அந்தக் கடி இதுக்கு ஒத்துக்கல."

"அப்போ அவிய பிடிக்கித எடத்துல மட்டும் ஏம்மா கடிக்கி?" என்றாள் வெள்ளைத்தாய்.

"எந்தக் குதிரைக்கும் பிடரியிலயும் வாலடியிலயும்தாம்மா அதிகம் கடிக்கும்."

புண்ணுக்கு மருந்து கொடுத்தார். கண்ட எண்ணெயையும் பூச வேண்டாம்; சேற்றை அள்ளிக் காயவிட வேண்டும்; பொழுது சாயுமுன் தொழுவத்தில் கட்டி, ஃபேனைப் போட்டு, உடம்பை மெல்லிய துணியால் மூட வேண்டும். மழைக்காலம் வந்தால் மறுபடியும் வரும், முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்.

"அப்படிச் செஞ்சா தேய்க்காதா?"

"தேய்க்காது."

வெள்ளைத்தாய் முகம் செத்துப்போனது. தேய்ப்பு நின்றால் அவன் வருவதும் நின்றுவிடும். அவள் மருந்தை மாடத்தில் வைத்ததோடு சரி. கேட்கப் போன என்னிடம், "ஒம்ம சோலியப் பாரும் அண்ணாச்சி" என்றாள். எனக்கு எரிச்சல் வந்தது. பிறகு பாவமாகவும் இருந்தது.

ஒருநாள் புண் கிழிந்து ரத்தம் முன்னங்கால் வரை வழிந்தது. குதிரை தீவனத்தை மோந்துகூடப் பார்க்கவில்லை. அன்று மத்தியானம் அவள் பெட்டியைத் திறந்து கண்ணுசாமியின் வேட்டிகளை எடுத்தாள். ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து, மருந்து போட்ட பிடரியிலிருந்து வாலடி வரை போர்த்திக் கட்டினாள். சேற்றை வழித்து அள்ளினாள். வீட்டு ஃபேன் தொழுவத்துக்கு வந்தது.

அடுத்து வந்த நாட்களில் தேய்ப்பு குறைந்துகொண்டே வந்து, ஒரு சாயங்காலம் தெருவில் சத்தமே இல்லை. அந்தச் சத்தத்தைவிட அது இல்லாததுதான் என்னைக் கலக்கியது. எட்டிப் பார்த்தேன். வேட்டி போர்த்திய குதிரை நிம்மதியாகச் சோளத்தட்டை மென்றுகொண்டிருந்தது. அவள் தலை சீவி, வாசலில் காத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, ஒமக்குச் சத்தம் கேக்கா?"

"இல்ல தாயி."

அவள் குதிரையைப் பார்த்தாள். இருட்டும் வரை பார்த்தாள்.

"அப்போ அவிய செத்துட்டாவ" என்றாள். ஆவணியில் வராத அழுகை அப்போதுதான் வந்தது.